ஓட்டு லிஸ்ட்டில் பேர் இல்லையென்றால் குடியுரிமை போய்விடுமா? நீலகிரித் தோட்டங்களின் கேள்விக்கு ஒரு விளக்கம்

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.), அதாவது வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை, 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்திருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்திருந்தவர்கள், வீட்டுக்குப் போனபோது ஆள் இல்லாதவர்கள் என்று தேர்தல் ஆணையம் கணக்குச் சொன்னது. தி.மு.க. இந்தத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஆதரித்தன. சமவெளியில் இது கட்சிகளின் சண்டையாகவே பேசப்பட்டது.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்து லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேள்வி வேறு. லிஸ்ட்டில் பேர் இல்லையென்றால் நாம் இந்த நாட்டு ஆள்தானா? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு வருவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூன்று சட்டங்கள், மூன்று வேலைகள்

1. குடியுரிமைச் சட்டம், 1955. யார் இந்தியக் குடிமகன் என்பதைச் சொல்வது இது. இதை நடத்துவது மத்திய உள்துறை.

2. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950. பட்டியலில் யார் பெயர் வரலாம், எப்படிச் சேர்ப்பது, எப்படி நீக்குவது என்பதெல்லாம் இதில் இருக்கிறது. குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிக்க வேண்டும். வயது வரம்பு 21-லிருந்து 18 ஆனது 1989-ல்.

3. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. தேர்தல் நடத்தும் முறை பற்றியது. பட்டியலில் பெயர் இருப்பவரே ஓட்டுப் போடலாம் என்று இதன் 62-ஆம் பிரிவு சொல்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். குடிமகனாக இல்லாதவர் பட்டியலில் இருக்க முடியாது. ஆனால் பட்டியலில் இல்லாத காரணத்தால் ஒருவர் குடிமகன் இல்லை என்று ஆகிவிடாது. 17 வயதுப் பையன் பட்டியலில் இல்லை, அவன் குடிமகன்தான். கூடலூரில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவரை இடம் மாறியவர் என்று எடுத்துவிட்டாலும் அவர் குடிமகன்தான். பட்டியலுக்குத் தகுதி இல்லை என்று ஆவதால் குடியுரிமை முடிந்துவிடாது என்று 2025-ல் தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. பட்டியலுக்காக ஒருவரின் குடியுரிமையைச் சரிபார்க்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்பதும் ஆணையத்தின் வாதம்தான். குடியுரிமையைத் தீர்மானிப்பது உள்துறையின் வேலை, ஆணையம் அதற்குள் வரக்கூடாது என்பது எதிர்த்தரப்பு. 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை முறைப்படிச் சேர்க்கப்பட்டவர் என்றே கொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்ட பிறகே நீக்கலாம் என்றது. தீவிரத் திருத்தம் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டது என்பதே எதிர்ப்பவர்களின் முக்கியமான புகார். படிவம் தராதவர் பெயர் வரைவிலேயே வராது, அதன்பிறகு அவர் போய்க் கேட்க வேண்டும். போலி ஓட்டும் இறந்தவர் பெயரும் நீங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதை நிரூபிக்கும் சுமை அலுவலகத்துக்கா, கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்கா என்பதில்தான் சண்டையே.

பிறந்த தேதி ஏன் இவ்வளவு முக்கியம்

திருத்தப் படிவத்தோடு சுற்றிய தேதிகள் பலரைக் குழப்பின. அவை குடியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தவை.

1. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் எந்த நாட்டினர் என்ற கேள்வி இல்லை.

2. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் அல்லது தந்தை, ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

3. அதன்பின் பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் விதி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு உதாரணம். இலங்கை அகதிகள் முகாமில் 1987-க்கு முன் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய், பிறப்பால் தான் இந்தியர் என்று நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். அதே முகாமில் 1988-ல் பிறந்த ஒருவருக்கு, பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், அந்த வழி இல்லை.

தாயகம் திரும்பியோர் அகதிகள் இல்லை

1983-க்குப் பிறகு போரால் வந்தவர்கள் அகதிகள். நீலகிரித் தோட்டங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி வந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கணக்கு இது: இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேருக்கு இந்தியா குடியுரிமை தரும், 3,00,000 பேருக்கு இலங்கை தரும். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களை இப்படி மூட்டைக் கணக்கில் பங்கு போட்ட ஒப்பந்தங்கள் அதிகம் இருக்காது.

இந்தப் பங்கீட்டுக்கு முன் நடந்ததுதான் லயன் வீடுகளின் இன்றைய பயத்துக்கு வேர். 1931 முதலே வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு என்று ஆசியாவில் முந்திக்கொண்ட நாடு இலங்கை. தோட்டத் தமிழருக்கு அதிலும் குடியிருப்பு நிபந்தனைகள் இருந்தன. இருந்தும் 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த ஆண்டிலேயே, 1948-ன் 18-ஆம் எண் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதைக் காட்ட வேண்டும் என்றது. தேயிலைக் காட்டில் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு யார் எங்கே போவது? அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றது. முதலில் தாள் கேட்டார்கள், பிறகு குடியுரிமை இல்லை என்றார்கள், பிறகு ஓட்டு போனது. எல்லாமே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு நிறைவேற்றியவை.

ஜனநாயகம் என்றால் பெரும்பான்மை முடிவு, அவ்வளவுதான் என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த அளவுகோலின்படி 1948-ல் இலங்கையில் எந்தத் தவறும் நடக்கவில்லை. பெரும்பான்மையும் தொட முடியாத சில உரிமைகள் வேண்டும் என்ற இன்னொரு பார்வை எதற்கு என்பதைப் பாடப்புத்தகத்தை விடத் தோட்டத்துக் கிழவிகள் நன்றாகச் சொல்வார்கள்.

இனி இன்றைக்குத் தேவையான செய்தி. ஒப்பந்தப்படி வந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே இந்தியக் குடிமக்களாகப் பதிவு பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள். தாயகம் திரும்பியோர் என்று அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையை இன்றும் பலர் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டும் அட்டையும் குடியுரிமைக்கு வலுவான சான்று. ஆதார் அப்படி இல்லை. அதை அடையாளத்துக்கு ஏற்கலாம், குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பீகாரில் நடந்த இதே மாதிரியான பட்டியல் திருத்தம் தொடர்பாகச் சொன்னது.

அப்புறம் எங்கே சிக்கல்? எழுத்தில். பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் தமிழில் வேறு மாதிரி. செல்லம்மா ஓரிடத்தில் செல்லம்மாள் ஆகியிருப்பார். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். திருத்தப் படிவத்தின் கீழ்ப்பகுதி, முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த தொகுதி, பாகம் எண், வரிசை எண் கேட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பழைய பட்டியல் 2002, 2005-ஐச் சேர்ந்தது. சேரம்பாடியில் பிறந்து கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்ட பெண் தன் அப்பா பெயரைச் சேரம்பாடிப் பட்டியலில் தேட வேண்டும். அதிலும் எழுத்து மாறியிருந்தால் இணையத் தேடலில் ஆள் அகப்பட மாட்டார்.

லயன் வீடும் வழக்கமாக வசிப்பதும்

1950 சட்டத்தின் 20-ஆம் பிரிவு இரண்டு பக்கமும் பேசுகிறது. ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போவதாலேயே வசிக்காதவரும் ஆகிவிட மாட்டார். எவ்வளவு நாள் போனால் தற்காலிகம் என்பதை அலுவலர் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

இந்த அளவுகோல் மலையில் சரியாக உட்காருவதில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்று 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்ற கழகம் ஆனது. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சரி, எங்கே போவது? 2022-ல் டான்டீ தன் வசமிருந்த சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர முடிவானபோது இந்தக் கேள்வி ஒரேயடியாகப் பெரிதானது. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். பெரியவர்கள் ஆறு மாதம் பிள்ளை வீட்டில், ஆறு மாதம் லயனில். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும்போது கதவு பூட்டியிருந்தால் படிவம் திரும்பிப் போகிறது.

வேலை கிடைக்காமல் கூடலூர் பக்கம் காடு திருத்திக் குடியேறியவர்கள் நிலை இன்னொரு வகை. 1877 வரை மலபாரைச் சேர்ந்திருந்த இந்தப் பகுதியில் நிலம் ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்கள் கையில் இருந்தது. 1969-ல் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. குத்தகைக்கு விட்ட தோட்டங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவு வழக்குகளில் சிக்கி இன்றும் தீரவில்லை. 'செக்ஷன் 17 நிலம்' என்று சொன்னால் போதும், அங்கே பட்டா இல்லை, மின் இணைப்புக்கும் அலைச்சல் என்று எல்லோருக்கும் புரியும்.

பட்டா இல்லாதவருக்கு ஓட்டு உண்டா? உண்டு. நில உரிமைக்கும் வாக்குரிமைக்கும் சட்டத்தில் முடிச்சே இல்லை. வீடே இல்லாதவரையும் சேர்க்கலாம். அவர் படிவத்தில் சொன்ன இடத்தில் உண்மையில் தூங்குகிறாரா என்று அலுவலர் இரவில் போய்ப் பார்க்க வேண்டும், வேறு முகவரிச் சான்று கேட்கக்கூடாது என்பது ஆணையத்தின் சொந்த நடைமுறை. இதைக் கேட்டால் அலுவலர்கள் சிலருக்கே ஆச்சரியமாக இருக்கும். இது ஒருகாலத்தில் நேர்மாறாக இருந்தது: சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டு கொடுத்தார்கள். 1919 இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கென்று தனி இடமே இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு ஓட்டே இல்லை.

ஓட்டு உரிமையா, சலுகையா?

இந்தக் கேள்வியில் நீதிமன்றங்களே ஒரு குரலில் பேசவில்லை. முதல் பெரிய தீர்ப்பு நம்ம ஊர் வழக்கு. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளப்பட்ட பொன்னுசாமி வழக்குப் போட்டார். 1952-ல் உச்ச நீதிமன்றம், ஓட்டுப் போடுவதும் தேர்தலில் நிற்பதும் சட்டம் தந்த உரிமைகள், சட்டம் வைக்கும் வரம்புக்கு உட்பட்டவை என்றது. 2006-ல் குல்தீப் நய்யார் வழக்கிலும் அதே நிலைதான். நடுவில், 2003-ல், சட்டம் தந்த உரிமையாகவே இருக்கட்டும், யாருக்குப் போடுவது என்று தேர்ந்தெடுப்பது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்றது. அந்த வழியில்தான் 2013-ல் நோட்டா பொத்தான் வந்தது.

இது வெறும் வக்கீல் பேச்சாகத் தோன்றலாம். விளைவு பெரியது. அடிப்படை உரிமை என்றால் அரசு அதைக் குறைக்கும்போது தன் காரணத்தை அரசு நிரூபிக்க வேண்டும். சட்டம் தந்த உரிமை என்றால் சட்டம் கேட்கும் தாளைக் காட்ட வேண்டியது குடிமகன் வேலை. அரசியல் சாசனத்தின் 326-ஆம் பிரிவு வயது வந்த குடிமக்கள் அனைவரும் பதிவு பெற உரிமையுள்ளவர்கள் என்று நேரடியாகவே சொல்லியிருக்கும்போது, இதை வெறும் சட்ட உரிமை என்று குறுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேர் இருந்தும் எடை குறைவு

பட்டியலில் இடம் பிடித்த பிறகும் மலைக்காரரின் ஓட்டுக்கு எவ்வளவு எடை என்ற கேள்வி இருக்கிறது.

1. நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஊட்டி, குன்னூர், கூடலூர் மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. கீழே உள்ள மூன்றில்தான் வாக்காளர் அதிகம். தொகுதியின் பெயர் நீலகிரி, எம்.பி.யைத் தீர்மானிக்கும் பலம் சமவெளியில்.

2. 2001-ல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 7,35,394 ஆகக் குறைந்தது. மக்கள்தொகையை மட்டும் பார்த்துத் தொகுதி மறுவரையறை நடந்தால் மலையின் பங்கு இன்னும் சுருங்கும்.

3. தமிழகத்தில் பழங்குடியினருக்கான தனிச் சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழும் நீலகிரியில் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதுதான் காரணம், சட்டப்படி அது சரியும்கூட.

எண்ணிக்கையில் தோற்பவர்களுக்கு வேறு வாசல் வேண்டும் என்றுதான் 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்தது. உரிமை கோரிக்கைகளை முதலில் ஆராய்வது அந்தந்தக் குடியிருப்பின் சபை. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 2013-ல் ஒடிசாவின் நியாம்கிரியில் பன்னிரண்டு கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்றதும் திட்டம் நின்றது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சபையில் ரகசிய ஓட்டு கிடையாது. கடன் கொடுத்தவரும் மேஸ்திரியும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பணியர் பெண் கை தூக்குவது, மறைவில் பொத்தான் அழுத்துவது மாதிரி எளிதில்லை.

ஊராட்சித் தேர்தல் கதை சுருக்கமானது. 2019 டிசம்பரில் நீலகிரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. புதிய தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பட்டியலில் பேர் இருக்கிறதா என்று இவ்வளவு பதறிய ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

'ரோடு போடாவிட்டால் தேர்தல் புறக்கணிப்பு' என்ற பேனர் மலைக் கிராமங்களில் வழக்கம். குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று சட்டத்தில் எதுவும் இல்லாததால் ஊரே வராவிட்டாலும் தேர்தல் செல்லும். பேனர் கட்டியதும் தாசில்தார் ஓடி வந்து பேசுகிறார் பாருங்கள், அதுதான் அதன் பயன். நோட்டாவும் அப்படித்தான், அது முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளர் ஜெயித்தவர்.

பேர் இல்லையென்றால் என்ன செய்வது

1. படிவம் 6 புதிதாகச் சேர்க்க, நீக்கப்பட்டவர் மீண்டும் சேரவும் இதுவே. முகவரி மாற்றம், எழுத்துத் திருத்தம் இரண்டுக்கும் படிவம் 8. கட்டணம் எதுவும் இல்லை.

2. படிவம் 7 ஆட்சேபத்துக்கு. உங்கள் பெயர்மேல் யாராவது இதைக் கொடுத்திருந்தால், உங்களுக்கு நோட்டீஸ் தந்து விசாரித்த பிறகே நீக்க முடியும்.

3. பெயர் எழுத்து மாறியிருந்தால் பழைய எழுத்து இருக்கும் தாளையும் புதிய எழுத்து இருக்கும் தாளையும் சேர்த்தே கொடுங்கள். பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை இரண்டையும் நகல் எடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

4. வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கேயும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

5. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. அதனால் விண்ணப்பத்தைத் தேர்தல் அறிவிக்கும் வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.